அறுபத்திரண்டு பேருக்கு டீ: கிருஷ்ணகிரி வீட்டு விருந்து ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வீடு. மகனுக்கு வங்கி வேலை கிடைத்த சந்தோஷத்தில் உறவினர்களையும் நண்பர்களையும் ஒரு மாலை டீக்கு அழைத்தார்கள். மே மாதக் கடைசி ஞாயிறு, மாலை 5 மணி என்று வாட்ஸ்அப்பில் செய்தி போனது. 60 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வந்தது 62 பேர், அதில் 8 குழந்தைகள். செலவில் கஞ்சத்தனம் இல்லை, கைக்கு ஆளும் குறையில்லை. ஆனாலும் கடைசி 20 பேர் கையில் டீ போய்ச் சேர்ந்தபோது மணி 7.20. அதற்குள் ஒரு பாத்திரம் பால் திரிந்துபோனது, குண்டானின் அடியில் கிடந்த டீ வாயில் வைக்க முடியாமல் கசந்தது, வடை எண்ணெய் குடித்தது.

வந்தவர்கள் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்லவில்லை. "ஏம்மா, டீக்குத்தான கூப்பிட்ட, இன்னும் அடுப்புலயே இருக்கு?" என்று அத்தை ஒருவர் கேட்டதோடு சரி. ஆனால் ஒவ்வொரு கோளாறுக்கும் முன்னால் ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணங்கள் ஒன்றையொன்று இழுத்துவிட்டன. மாவட்டத்தில் இப்படி டீக்கு மட்டும் அழைக்கும் வழக்கம் இப்போது பரவலாகிவருவதால், இந்த ஒரு மாலையை அடுப்படியிலிருந்து பிரித்துப் பார்ப்பது பயன்படும்.

திட்டம் என்னவாக இருந்தது

டீக்கு ஆறு லிட்டர் பால், நான்கு லிட்டர் தண்ணீர், 250 கிராம் டஸ்ட் டீத்தூள், ஒரு கிலோ சர்க்கரை. எல்லாம் ஒரே குண்டானில், வீட்டு அடுப்பின் பெரிய பர்னரில். பக்கத்துச் சின்ன பர்னரில் மசால் வடை: இரண்டேகால் கிலோ கடலைப்பருப்பு ஊறவைத்து அரைத்தது. ஆளுக்கு இரண்டு வடை, காவேரிப்பட்டணத்தில் வாங்கிய நிப்பட்டு (தட்டை போன்ற காரப் பலகாரம்), கடையில் வாங்கிய லட்டு. கொடுப்பதற்கு வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள். உட்காருவதற்கு மொட்டை மாடி.

காகிதத்தில் பார்த்தால் அளவுகள் தப்பில்லை. 10 லிட்டர் என்றால் 100 மில்லி வீதம் 100 டீ. 54 பெரியவர்களுக்கு ஒன்றும், அதில் பாதிப்பேருக்கு இரண்டாவதும் கொடுத்துவிட்டு மிச்சம் இருக்க வேண்டும். இருக்கவில்லை.

ஞாயிறு மாலை 5 மணி

முதல் சறுக்கல் அழைப்பிலேயே நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. நல்ல காரியம் எதுவும் இல்லை, வெறும் டீதானே என்று வீட்டார் நினைத்தார்கள். வயதானவர்கள் அப்படி நினைக்கவில்லை. வேலை கிடைத்த பிள்ளையை வாழ்த்தப் போகிறோம், அந்த நேரத்தில் வாசல்படி ஏறுவதா என்று உள்ளூர் பெரியவர்கள் 14 பேர் 4.10க்கும் 4.25க்கும் இடையில் வந்துவிட்டார்கள். மகனின் நண்பர்களும் அப்பாவின் அலுவலகத்துக்காரர்களுமாக 23 பேர் சொன்னபடி 5.15 வாக்கில் வந்தார்கள். பர்கூர், மத்தூர், காவேரிப்பட்டணம் பக்கத்து உறவினர்கள் 25 பேர் 6 மணி தாண்டியே வண்டி எடுத்தார்கள். "ராகுகாலம் போவட்டும்னுதான் மாமா கெளம்பல" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் படியேறியபோது மணி 6.30.

ஆக 5 மணிக்கு என்று தயாரிக்கப்பட்ட விருந்துக்கு ஆட்கள் மூன்று அலையாக, இரண்டரை மணி நேரத்தில் பரவி வந்தார்கள். சாப்பாட்டு விருந்தில் இது பெரிய தொந்தரவில்லை. சாம்பார் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றாலும் கெட்டுப்போகாது. பால் சேர்த்து, தூளோடு நிற்கும் டீ அவ்வளவு நேரம் தாங்காது. நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான் என்பது நம் முடிவு.

கிழமையைப் பார்த்திருந்தால் சுலபமாகத் தப்பியிருக்கலாம். மாலை நேரத்தில் ராகுகாலம் இடிப்பது ஞாயிறும் (4.30–6) செவ்வாயும் (3–4.30) மட்டுமே. சனிக்கிழமைக்கு அது காலை 9 முதல் 10.30, ஆகவே சனி மாலை 5 மணிக்கு அழைத்தால் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். ஞாயிறுதான் வசதி என்றால் 3.30க்கு அழைக்க வேண்டும். நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வீட்டாரின் விருப்பம். விருந்தினர் எப்போது வருவார்கள் என்பதுதான் இங்கே கணக்கு.

அழைப்பில் இன்னொரு விஷயமும் விட்டுப்போனது. நம் பக்கம் "டீக்கு வாங்க" என்றால் பக்கத்துத் தெருக்காரர் டீ என்று எடுத்துக்கொள்வார். 50 கிலோமீட்டர் தள்ளி ஓசூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர் ராத்திரி டிபனும் இருக்கும் என்றுதான் வருவார். "மாலை டீ, பலகாரம்" என்று செய்தியிலேயே எழுதிவிட்டால் அவர் வழியில் சாப்பிட்டுக்கொள்வார், நமக்கும் சங்கடமில்லை. தூரத்து உறவை வெறும் டீக்கு அழைக்காமல் இருப்பது இன்னும் மேல்.

குண்டானும் பர்னரும்

பத்து லிட்டர் திரவத்தை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3,100 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் தரும் சூட்டில் பாத்திரத்துக்குள் போய்ச் சேருவது பாதிக்குச் சற்றுக் கூடுதல்தான். மீதி பக்கவாட்டில் போய்விடும். ஆகவே எவ்வளவு பெரிதாக எரியவிட்டாலும் 40 முதல் 50 நிமிடம் ஆகும். இதைக் குறைக்கக் குறுக்கு வழி இல்லை. அன்று 4 மணிக்குக் குண்டான் ஏறியது, 4.50க்குத்தான் பொங்கியது. 4.10க்கு வந்த பெரியவர்கள் முக்கால் மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பால், தண்ணீர், தூள் எல்லாவற்றையும் பச்சையாக ஒன்றாகப் போட்டு ஏற்றியது அடுத்த பிழை. தூளின் சாறு நன்றாக இறங்குவது கொதிக்கும் வெறும் தண்ணீரில். பால் சேர்ந்ததும் அதன் புரதம் டீயின் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும், நிறமும் மங்கும். அதனால் கலர் வரவில்லை என்று இன்னும் 50 கிராம் தூள் அள்ளிப் போட்டார்கள். பொங்கி முடிந்த பிறகு வடிகட்டாமல், தூளோடு சேர்த்தே சிம்மில் வைத்து, கேட்கக் கேட்க வடிகட்டி ஊற்றினார்கள்.

5 மணிக்கு அந்த டீ நன்றாகவே இருந்தது. 5.30க்கு அழுத்தமாகிவிட்டது. 6.40க்குக் குண்டானின் அடியில் இருந்த இரண்டு லிட்டருக்கும் குறைவான டீ, ஒரு மணி ஐம்பது நிமிடம் தூளோடு வெந்த டீ. டஸ்ட் ரகம் பொடியாக இருப்பதால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே நிறமும் மணமும் இறங்கிவிடும்; அதற்குப் பிறகு இறங்குவது பெரும்பாலும் கசப்பும் துவர்ப்பும்தான். சர்க்கரை சேர்த்து அதை மறைக்க முடியாது.

தூள் தண்ணீரைக் குடிப்பதையும் கணக்கில் விட்டிருந்தார்கள். காய்ந்த தூள் தன் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 300 கிராம் தூள் என்றால் ஒரு லிட்டர் போயிற்று. சிம்மில் ஆவியானதையும் சேர்த்தால் 10 லிட்டர் போட்டதில் ஊற்றக் கிடைத்தது எட்டரை லிட்டருக்கும் குறைவு.

கணக்கு கிளாஸில், ஊற்றியது டம்ளரில்

100 மில்லி என்பது டீக்கடை கிளாஸின் அளவு. வீட்டு டம்ளர் தளும்பாமல் ஊற்றினாலே 160 மில்லி பிடித்தது. பாதி டம்ளர் ஊற்றிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது, அது மரியாதையும் இல்லை. அதனால் முதல் இரண்டு அலைக்கு, இரண்டாம் முறை கேட்ட ஏழு பேரையும் சேர்த்து, 41 டம்ளரிலேயே ஆறரை லிட்டர் காலி. கடைசியாக வந்த 25 பேரில் குழந்தைகள் போக 20 பேருக்கு மூன்றேகால் லிட்டர் வேண்டியிருந்தது.

பாத்திரம் வாடகைக்குத் தரும் கடைகளில் 100 மில்லி எவர்சில்வர் டீ கிளாஸ் கிடைக்கும். 62 பேருக்கு 90 எடுத்துவிட்டால் நடுவில் கழுவும் வேலை மிச்சம். பேப்பர் கப் வாங்கிவிடலாமே என்று வீட்டில் ஒருவர் சொன்னார், நல்லவேளை வாங்கவில்லை. உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருக்கின்றன.

டம்ளரில் இன்னொரு சங்கடமும் உண்டு. விளிம்பு வரை சூடான டீ இருக்கும் எவர்சில்வர் டம்ளரைச் சும்மா பிடிக்க முடியாது. டவரா இல்லாமல் கொடுத்ததால் பலர் கீழே வைத்து ஆறவிட்டார்கள், சிலர் மறந்தே போனார்கள். மாடியில் கால் தட்டிச் சிந்திய டம்ளர்கள் மூன்று.

சர்க்கரை

ஒரு கிலோ சர்க்கரையும் குண்டானுக்குள்ளேயே போய்விட்டது. வந்த பெரியவர்களில் 15 பேர் சர்க்கரை இல்லாமல் கேட்டார்கள். இன்றைக்கு எந்த வீட்டு விருந்திலும் கால்வாசிப் பேர் அப்படிக் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். அவர்களுக்குத் தனியாக டீ போட, சின்ன பர்னரில் கொதித்துக்கொண்டிருந்த வடைச் சட்டியை இறக்கினார்கள். கால் மணி நேரம் கழித்துத் திரும்ப ஏற்றியபோது எண்ணெய் சூடு இறங்கியிருந்தது. சரியாகக் காயும் முன்பே வடையைத் தட்டிப் போட்டார்கள். எண்ணெய் குடித்த வடை அந்த ஈட்டிலிருந்துதான் ஆரம்பம். மசால் வடைக்கு எண்ணெய் 170 முதல் 180 டிகிரியில் இருக்க வேண்டும்: ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் அடியில் போய் உடனே மேலே எழும்பி வர வேண்டும், அடியிலேயே கிடந்தால் இன்னும் பொறுத்திருக்க வேண்டும்.

வடைக் கணக்கிலும் மனிதர்கள் வழக்கமாக மறப்பது நேரத்தைத்தான். ஒரு கிலோ கடலைப்பருப்பு ஊறினால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். அரைக்கிலோ வெங்காயம், சோம்பு, மிளகாய், கறிவேப்பிலை சேர்ந்தால் 40 கிராம் வடை 55 முதல் 60 வரும். இரண்டேகால் கிலோவுக்கு 130 வடை, அளவு சரி. ஆனால் சட்டியில் ஒரு ஈட்டுக்குப் பத்து வடைதான் விழும். பெரிய பர்னரில் ஐந்து நிமிடம், சின்ன பர்னரில் ஏழெட்டு நிமிடம். பதின்மூன்று ஈடு என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தது 6.15 வரை இழுத்தது.

லட்டை முதலில் கொடுத்ததும் ஒரு சின்னக் கோளாறு. வாயில் இனிப்பு இருக்கும்போது டீ குடித்தால் சர்க்கரையே இல்லாததுபோல் தெரியும். சர்க்கரை போதவில்லை என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் எல்லாம் லட்டு தின்றவர்கள். இனிப்பு முதலில் வைப்பது நம் வழக்கம், அதை மாற்ற வேண்டாம். நடுவில் காரத்தைக் கொடுத்துவிட்டு டீயைக் கொண்டுவந்தால் போதும்.

6.40க்குத் திரிந்த பால்

கடைசி அலை வந்ததும் அவசரமாக இரண்டாவது டீ. மீதி இருந்தது இரண்டரை லிட்டர் கறவைப் பால். இரண்டு லிட்டரை அடுப்பில் வைத்து, நேரம் மிச்சமாகட்டும் என்று இஞ்சியை நசுக்கிப் பச்சைப் பாலிலேயே போட்டார்கள். ஐந்தாறு நிமிடத்தில் கரண்டியின் ஓரத்தில் பொடிப்பொடியாக வெள்ளைத் துகள் ஒட்ட ஆரம்பித்தது. ஆடையாக இருக்கும் என்று கலக்கினார்கள். இன்னும் இரண்டு நிமிடத்தில் கரண்டி இழுத்த கோட்டில் பச்சை கலந்த மஞ்சள் நீர் தனியாகத் தெரிந்தது.

மே மாத வெயில், காலையில் வந்த பால், அதனால் கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதே பாலில் மீதி அரை லிட்டரைக் குழந்தைகளுக்காகத் தனியாகக் காய்ச்சினார்கள், அது திரியவே இல்லை. ஆகவே குற்றவாளி பால் இல்லை, இஞ்சி. பச்சை இஞ்சியில் சிஞ்சிபைன் என்ற நொதி உண்டு. அது பால் புரதத்தை வெட்டும். பால் 60, 70 டிகிரி சூட்டில் இருக்கும்போதுதான் அதன் வேகம் அதிகம், அதற்கு மேல் சூடேறினால் நொதியே செத்துவிடும். பாலை ஆரம்பத்திலிருந்து இஞ்சியோடு மெதுவாகச் சூடேற்றினால் அந்த ஆபத்தான சூட்டுக்குள்ளேயே பல நிமிடம் நிற்கிறது. இஞ்சியை முதலில் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிட்டுப் பிறகு பால் சேர்த்தால் ஒன்றும் ஆகாது. 10 லிட்டர் டீக்கு 100 கிராம் இஞ்சி தாராளம். வெல்ல டீ போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை வேறு காரணத்தால் பொருந்தும். பாலக்கோடு பக்கத்து உருண்டை வெல்லமானாலும் சரி, வெல்லத்தின் புளிப்பு கொதிக்கும் பாலைத் திரித்துவிடலாம். அடுப்பை அணைத்த பிறகே கரைத்த வெல்லத்தைச் சேர்க்க வேண்டும்.

பால் மேல் சந்தேகம் இருந்தால் பெரிய பாத்திரத்தில் ஏற்றும் முன் ஒரு குழிக்கரண்டி பாலைத் தனியாகக் கொதிக்கவைத்துப் பார்க்கலாம். ஒரு நிமிட வேலை. பாக்கெட் பால் என்றால் கொழுப்பின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும்: ஆவின் நீல நிறப் பாக்கெட்டில் 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். டீக்கு ஆரஞ்சு வாங்கினால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் தாங்கும். நீலத்தில் கூடுதல் தண்ணீர் விட்டால் டீ தண்ணியாகத்தான் இருக்கும்.

எந்தக் குழாய்த் தண்ணீர்

பால் திரிந்த பிறகு கடைக்கு ஓடிப் பாக்கெட் பால் வாங்கிவந்து மூன்றாவது முறை டீ போட்டார்கள். குடத்தில் இருந்த ஒகேனக்கல் தண்ணீர் தீர்ந்துவிட்டதால் போர்வெல் குழாயைத் திறந்தார்கள். வந்த டீ கறுத்து, பளபளப்பு இல்லாமல், மேலே மெல்லிய ஏடு கட்டியது. இது உப்புத் தண்ணீரின் வேலை. கடின நீரில் உள்ள சுண்ணாம்பும் காரத்தன்மையும் டீயின் நிறப்பொருளைக் கறுக்கச் செய்து மேலே படலமாகச் சேர்க்கும். எலுமிச்சை பிழிந்தால் பால் சேர்க்காத கட்டன் டீ பளிச்சென்று வெளுப்பதைப் பார்த்திருப்போம். இது அதற்கு நேர் எதிர்த் திசை.

ருசி ஒருபுறம் இருக்கட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகவே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்புடையது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. தேயிலைச் செடியும் மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்க்கும் செடி, டிக்காஷனில் அது இறங்கும். தண்ணீரில் இருப்பதோடு தூளில் இருப்பதும் சேரும் என்பதால் இங்கே டீக்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். முந்தின நாளே 15 லிட்டர் ஒகேனக்கல் தண்ணீர் பிடித்துவைப்பது டீக்கும் குடிக்கவும் போதும். பாத்திரம் கழுவுவதற்குப் போர்வெல் இருக்கட்டும்.

இதே 62 பேருக்குச் சரியான வரிசை

மொத்த டீயையும் ஒன்றாகப் போடுவதை விட்டுவிட்டு, டிக்காஷனையும் பாலையும் தனித்தனியாக வைத்து ஊற்றும்போது சேர்ப்பதுதான் ஒரே வழி. டீக்கடைக்காரர் எல்லோரும் செய்வது இதைத்தான்.

54 பேருக்கு முதல் டீ, பாதிப்பேருக்கு இரண்டாவது, பத்து சதவீதம் கூடுதல்: 90 கிளாஸ், 9 லிட்டர். கிளாஸுக்கு 2.2 கிராம் வீதம் 200 கிராம் டஸ்ட் தூள். மூன்றரை லிட்டர் தண்ணீரில் நசுக்கிய இஞ்சியையும், வேண்டுமானால் 10 கிராம் ஏலக்காயையும் போட்டு நான்கு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். தூளைப் போட்டு ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்ததும் அணைத்து, மூடி ஐந்து நிமிடம். பிறகு ஈரத் துணியில் வடிக்க வேண்டும். துணியைப் பிழியக் கூடாது. கடைசியாக வரும் அந்த ஒரு கிளாஸ் சாற்றில் துவர்ப்பும் வண்டலும்தான் இருக்கும். இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல் டிக்காஷன் கிடைக்கும். அதை நேராக ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிட்டால் ஒன்றரை மணி நேரம் தாராளமாக நிற்கும். ஆறிப்போனால் டிக்காஷன் கலங்கும், சேறு மாதிரி தெரியும். டீயின் காஃபீனும் துவர்ப்புப் பொருளும் குளிரில் ஒன்றுசேர்வதால் வரும் கலங்கல் அது. கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம், சூடு காட்டினால் தெளிந்துவிடும்.

பால் ஐந்தரை லிட்டர், அதோடு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். இதை இரண்டு பாத்திரமாகப் பிரித்துக் காய்ச்ச வேண்டும். ஒன்று முதல் அலைக்கு. இன்னொன்று ஆட்கள் வந்த பிறகு ஏறினால் போதும், மூன்று லிட்டர் கால் மணி நேரத்தில் பொங்கிவிடும். காய்ச்சிய பாலை ஊற்றும் முன் டீ கேனைக் கொதிநீர் விட்டு அலசிக் கொட்ட வேண்டும். குளிர்ந்த கேனில் ஊற்றினால் பாலின் சூடு அங்கேயே இறங்கிவிடும், பிறகு டீ ஆறிப்போச்சு என்ற பேச்சு எழும். கேனில் பால் 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. அதற்குக் கீழே கிருமி பெருக இடமுண்டு.

கிளாஸில் 30 மில்லி டிக்காஷன், 70 மில்லி பால். சர்க்கரை வேண்டியவர்களுக்கு 8 கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூன். சர்க்கரையைத் தனியாகப் பாகுபோலக் கரைத்துவைத்தால் ஊற்றும் இடத்தில் கலக்கும் நேரம் மிச்சம்: அரைக்கிலோ சர்க்கரைக்குக் கால் லிட்டர் கொதிநீர், கிளாஸுக்கு இரண்டு டீஸ்பூன். ஸ்ட்ராங், லைட், சர்க்கரை இல்லாமல், டிக்காஷன் கம்மியாக என்று யார் எப்படிக் கேட்டாலும் அடுப்பைத் தொடாமல் ஊற்றிக் கொடுக்கலாம். ஒருவர் ஊற்ற, ஒருவர் தட்டெடுத்துப் போக, 20 கிளாஸ் ஐந்தாறு நிமிடத்தில் போய்விடும்.

அடுப்பு போதவில்லை என்று ஹை பிரஷர் அடுப்பு வாடகைக்கு எடுக்கிறவர்கள் உண்டு. அதை வீட்டு 14.2 கிலோ சிலிண்டரின் ரெகுலேட்டரில் மாட்டும் வேலை வேண்டவே வேண்டாம். அதற்குரிய ரெகுலேட்டரும் ஹோஸும், 19 கிலோ வணிகச் சிலிண்டரும், தெரிந்த சமையல்காரரும் இருந்தால் மட்டும், அதுவும் வெளியே காற்றோட்டமான இடத்தில். கசியும் கேஸ் காற்றைவிடக் கனம், தாழ்வான மூலையில் தேங்கும். டிக்காஷன் முறையில் போனால் இந்த அளவு விருந்துக்கு அப்படி ஒரு அடுப்பே தேவைப்படாது.

பலகாரத்தில் சூடாகச் சுடுவது ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், மற்றதெல்லாம் முந்தியே தயாராக இருக்க வேண்டும். இங்கே ராகிக்குப் பஞ்சமில்லை என்பதால் வடைக்குப் பதில் முருங்கைக்கீரை ராகி பக்கோடா நல்ல தேர்வு. ஒரு கிலோ ராகி மாவு, கால் கிலோ அரிசி மாவு, அரைக்கிலோ வெங்காயம், 300 கிராம் உருவிய கீரை. வெங்காயத்தையும் கீரையையும் உப்புப் போட்டுப் பிசறிக் கால் மணி நேரம் வைத்து, அது விடும் தண்ணீரிலேயே முக்கால்வாசி பிசைய வேண்டும். தண்ணீர் கூடினால் பக்கோடா கல்லாகும் அல்லது எண்ணெய் குடிக்கும். கிள்ளிப் போடுவதால் ஒரு ஈட்டில் ஏழெட்டுப் பேருக்கு ஆகும், வடையைப்போல் எண்ணி அடுக்க வேண்டியதில்லை. சூடு ஆறினாலும் சாப்பிடலாம் என்பது கூடுதல் வசதி. இனிப்புக்குக் காலையிலேயே சிமிலி பிடித்துவிடலாம்: ஒரு கிலோ ராகி மாவில் உப்புப் போட்ட அடை சுட்டு, பிய்த்து, 600 கிராம் வெல்லமும் 400 கிராம் வறுத்த வேர்க்கடலையும் கொஞ்சம் எள்ளும் சேர்த்து இடித்துப் பிடித்தால் 60 உருண்டைக்குக் குறையாது. அடை சூடு முழுக்க ஆறிய பிறகு பிடித்தால்தான் ராத்திரி வரை வியர்க்காமல் இருக்கும். தேங்காய்ச் சட்னி இந்த வெயிலுக்கு வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சமாக அரைத்து வைக்கலாம். குழந்தைகளுக்கு டீ எதற்கு, சீசனில் செந்தூரா மாம்பழத்தை அவ்வப்போது நறுக்கிக் கொடுத்தால் மாடிப் பக்கம் வரவே மாட்டார்கள்.

மாடி என்றதும் ஒன்று. மேற்கு வெயில் 5.30 வரை மாடியில் நேராக அடித்தது, முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே தங்கிவிட்டார்கள். டீ ஒரே இடத்தில் ஊற்றப்பட, ஆட்கள் இரண்டு தளத்தில் இருக்க, தட்டு தூக்கியவர்கள் ஏறி இறங்கியே நேரம் போனது. மாடியில்தான் கூட்டம் என்றால் ஃபிளாஸ்க்கும் பால் கேனும் அங்கேயும் ஒரு ஜோடி வேண்டும்.

ஞாயிறு 3.30க்கு அழைத்தால் வேலை இப்படி ஓடும். 2.30க்கு டிக்காஷன் தண்ணீர் சின்ன பர்னரில், முதல் பால் பெரிய பர்னரில். 3.10க்கு இரண்டும் ஃபிளாஸ்க்கிலும் கேனிலும். அந்த நேரத்திலிருந்து பெரிய பர்னர் முழுக்கப் பக்கோடாவுக்கு. சின்ன பர்னர் காலியாகவே இருக்கட்டும், இரண்டாவது பால் எப்போது தேவையோ அப்போது ஏறும். 6 மணிக்கு மேல் வருகிறவர்கள் நிச்சயம் உண்டு. அவர்களுக்காகத் தூளில் மூன்றில் ஒரு பங்கையும் இரண்டு லிட்டர் பாலையும் தொடாமல் எடுத்துவைத்து, அவர்கள் வந்து உட்கார்ந்ததும் புதிதாகப் போட வேண்டும்.

மிஞ்சுவதிலும் இந்த முறைக்கு லாபம் உண்டு. சர்க்கரையும் டிக்காஷனும் படாத பாலை ராத்திரி உறை ஊற்றிவிடலாம். பாலில் வெந்த தூளைச் செடிக்குப் போட்டால் எறும்பும் நாற்றமும் வரும், நாலு தண்ணீர் அலசியாக வேண்டும். தண்ணீரில் மட்டும் வெந்த தூளில் இஞ்சிச் சக்கையைப் பொறுக்கிவிட்டு, ஒரு நாள் உலர்த்தி, ரோஜாத் தொட்டி மண்ணில் ஒரு கைப்பிடி கிளறிவிட்டால் போதும்.